டீச்சரைக் கேளுங்கள்: இந்த முறை முழுக்க டாரட்

சென்ற இதழில் ஏதோ ஒரு பதிலுக்கு நடுவே 'நான் டாரட் சீட்டு பார்ப்பதுண்டு' என்று ஒரு வரி எழுதிவிட்டேன். டாரட் என்றால் பலர் குறி பார்க்க எடுக்கும் படச் சீட்டுக்கட்டு. வாட்டர்கலர் பேப்பர் எங்கே கிடைக்கும், பிள்ளைக்கு எந்த வயதில் பென்சில் கொடுக்கலாம் என்று கேட்கிறவர்கள்கூட அதை விட்டுவிட்டு இதைப் பிடித்துக்கொண்டார்கள். வந்த கடிதங்களில் பாதி ஆர்வம், பாதி அர்ச்சனை. சரி, ஓவியக் கேள்விகள் அடுத்த இதழில்.

*பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுத்த நீங்கள் சீட்டைக் குலுக்கிக் குறி சொல்லக் கிளம்பியது எப்படி? காசுக்கா, நம்பிக்கையிலா?*
(வாசகர், ஸ்ரீரங்கம்)

இரண்டும் இல்லை. படத்துக்காக. பெங்களூரில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகள் ஒரு லீவுக்கு வந்தபோது பையிலிருந்து ஒரு டாரட் சீட்டுக்கட்டை எடுத்து ஊஞ்சலில் பரப்பினாள். அவளுக்கு வேலை மாறலாமா வேண்டாமா என்று தெரிய வேண்டும், எனக்கோ அந்தக் கோடுகளிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. தடித்த கறுப்புக் கோடு, உள்ளே நிழலே இல்லாத தட்டை நிறம், ஆட்கள் எல்லாரும் நாடக மேடையில் நிற்கிற தோரணையில் நிற்கிறார்கள், ஒவ்வொரு படத்தின் கீழ்மூலையிலும் நெளிந்து பின்னிய எழுத்துகளில் ஒரு குட்டிக் கையெழுத்து. "இதை வரைஞ்சது யாருடி?" என்றேன். "வெயிட்னு ஒருத்தர், அத்தை. பெட்டியிலயே போட்டிருக்கு பாருங்க" என்றாள்.

பெட்டியில் ரைடர்-வெயிட் என்றுதான் போட்டிருந்தது. ரைடர் என்பது லண்டனில் 1909-ல் அதை வெளியிட்ட கம்பெனி. ஆர்தர் எட்வர்ட் வெயிட் யோசனை சொன்னவர், மறைஞானச் சங்கங்களில் ஊறிய மனிதர். வரைந்தது பமேலா கோல்மன் ஸ்மித் என்ற பெண். 1878-ல் லண்டனில் பிறந்து, சிறுவயதில் சில காலம் ஜமைக்காவில் வளர்ந்து, நியூயார்க் புரூக்ளினில் பிராட் இன்ஸ்டிட்யூட்டில் ஓவியம் படித்து, அப்புறம் லண்டனில் லைசியம் நாடகக் குழுவோடு திரிந்தவர். அந்த மேடைத் தோரணை எங்கிருந்து வந்தது என்பது எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. வேலையை முடித்த கையோடு நியூயார்க்கில் இருந்த புகைப்படக்காரர் ஸ்டீக்லிட்ஸுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார், பெரிய வேலை ஒன்றை ரொம்பக் குறைந்த காசுக்கு முடித்துக் கொடுத்தேன் என்று. 1951-ல் இங்கிலாந்தின் கார்ன்வால் பக்கம் கடனோடுதான் இறந்தார். அவர் வரைந்த கட்டு இன்று உலகம் முழுக்க விற்கிறது, பெட்டியில் பெயர் மட்டும் வேறு இருவருடையது. சமீப காலமாகத்தான் சில பதிப்புகளில் ஸ்மித் என்று சேர்க்கிறார்கள். ஓவியம் வரைகிறவர்களுக்கு இதைக் கேட்டு ஆச்சரியம் வராது, வயிறுதான் எரியும்.

கட்டில் மொத்தம் 78 சீட்டு. அதில் 22 பெரியவை: முட்டாள், சக்கரவர்த்தினி, கோபுரம், நிலவு, மரணம் இப்படி. மீதி 56, நம் ரம்மிச் சீட்டு மாதிரி நான்கு ஜாதி, ஆர்ட்டின், கிளாவருக்குப் பதில் கோப்பை, வாள், கோல், காசு. பழைய கட்டுகள் பெரும்பாலானவற்றில் இந்தச் சின்னச் சீட்டுகளில் கதை கிடையாது. வாள் ஆறு என்றால் ஆறு வாள், முடிந்தது. பமேலா அந்த ஒவ்வொன்றையும் ஒரு காட்சியாக வரைந்துவிட்டார். அவருக்கு முன்மாதிரி அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலியில் வந்த சோலா புஸ்கா என்ற கட்டில் சின்னச் சீட்டிலும் ஆட்கள் உண்டு, அதன் புகைப்படங்கள் 1907-ல் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்தன, இதயத்தில் மூன்று வாள் குத்திய சீட்டை இரண்டிலும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவர் எங்கே போய்ப் பார்த்தார் என்று தெரிந்துவிடும். மற்றபடி எல்லாம் அவர் கை.

நான் சீட்டு பார்ப்பவளாக ஆனது மொட்டை மாடியில். வற்றல் காயவைக்க வரும் பக்கத்து வீட்டுப் பெண்களுக்குப் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தேன். அதில் ஒருத்திக்கு வந்தது வாள் ஆறு. படகில் போர்த்திக்கொண்டு ஒரு பெண், பக்கத்தில் ஒரு குழந்தை, இருவரும் நமக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறார்கள், பின்னால் நின்று ஒருவன் துடுப்புக் கழியை ஊன்றுகிறான், படகின் முன்பக்கம் ஆறு வாள்கள் நட்டிருக்கின்றன. படகுக்கு ஒரு பக்கம் தண்ணீரில் அலை, மறுபக்கம் சலனமே இல்லை. பையனை வெளிநாடு அனுப்பலாமா என்று கேட்டுத்தான் அவள் சீட்டு எடுத்தாள். வெகுநேரம் பார்த்துவிட்டு, "இந்த வாளை எல்லாம் பிடுங்கினா படகு ஓட்டையாயிடும்ல டீச்சர்" என்றாள். அப்புறம் பையனைப் பற்றிப் பேசவே இல்லை. கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து மாமியார் வீட்டில் பட்டதை எல்லாம் வற்றல் காய்கிற வரைக்கும் சொன்னாள். அந்த ஓட்டை விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, இத்தனைக்கும் படம் பார்க்கச் சொல்லித்தரும் வேலையில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவள் நான். அன்றிலிருந்து சீட்டு எடுத்தவரிடம் 'என்ன தெரிகிறது?' என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன். என் குறி சொல்லும் முறை அவ்வளவுதான். காசு வாங்குவதில்லை.

*டாரட் எகிப்திய பூசாரிகள் பிரமிடுக்குள் மறைத்துவைத்த ரகசிய ஞானம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். 5,000 வருஷப் பழமையாமே?*
(கல்லூரி மாணவர், விருதுநகர்)

அறுநூறு வருஷம்கூட இன்னும் முழுசாக ஆகவில்லை தம்பி. சீட்டுக்கட்டே ஐரோப்பாவுக்கு 14-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் போனது, அதுவும் இஸ்லாமிய நாடுகள் வழியாக. எகிப்தை ஆண்ட மாம்லுக்குகளின் சீட்டில் கோப்பை, காசு, வாள், போலோ மட்டை என்று நான்கு ஜாதி இருந்தது, போலோ ஆடத் தெரியாத ஐரோப்பியர்கள் மட்டையை வெறும் கோலாக்கிவிட்டார்கள். ஆக எகிப்து சம்பந்தம் கொஞ்சம் உண்டு, ஆனால் பிரமிடு எகிப்து அல்ல, சுல்தான் எகிப்து. அப்புறம் 1440-களில் வட இத்தாலியில், மிலான், ஃபெராரா பக்கத்துப் பிரபுக்கள் வீட்டில், இந்தக் கட்டோடு துருப்பாகச் சில படச் சீட்டுகளைச் சேர்த்து ஒரு ஆட்டம் ஆடினார்கள். மிலான் பிரபுக்களுக்காகத் தங்கத் தகடு ஒட்டி வரைந்த விஸ்கொன்டி-ஸ்ஃபோர்சா கட்டில் பெரும்பகுதி இன்றும் இருக்கிறது, நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில் கொஞ்சம், இத்தாலியின் பெர்காமோவில் கொஞ்சம். போப், சக்கரவர்த்தி, சாவு, பிசாசு எல்லாம் அந்தக் காலத்துக் கிறிஸ்தவ ஊர்களில் தேவாலயச் சுவரிலும் ஊர்வலத்திலும் எல்லாரும் தினம் பார்த்த உருவங்கள்தான்.

எகிப்துக் கதையைக் கிளப்பிவிட்டவர் யார் என்றே தெரியும். அந்துவான் கூர் த ஜெபலான் என்ற பிரெஞ்சுக்காரர், 1781-ல். யாரோ சீட்டாடுவதைப் பார்த்ததும் அவருக்கு இது எகிப்திய ஞான நூல் என்று பொறி தட்டிவிட்டதாம். சாம்போலியன் என்ற பிரெஞ்சு அறிஞர் எகிப்திய எழுத்தைப் படித்து உடைத்தது 1822-ல், அதாவது நாற்பது வருஷம் கழித்து. எழுத்தே படிக்க முடியாத காலத்தில் இவருக்கு மட்டும் அர்த்தம் தெரிந்துவிட்டது! அவரைத் தொடர்ந்து எத்தேயா என்ற பெயரில் பாரிஸில் ஒருவர் குறி சொல்வதற்காகவே புத்தகம் போட்டார், தனிக் கட்டும் அச்சடித்தார். அதற்கு அடுத்த நூற்றாண்டில் எலிஃபாஸ் லெவி என்ற பிரெஞ்சு மறைஞானி வந்து 22 சீட்டையும் 22 எபிரேய எழுத்தோடு முடிச்சுப் போட்டார். அதாவது டாரட் பிறந்து முந்நூறு வருஷத்துக்கு மேல் அது பெரும்பாலும் ஆட்டமாகவே இருந்திருக்கிறது. மைக்கேல் டம்மெட் என்ற ஆக்ஸ்ஃபோர்டு தத்துவப் பேராசிரியர் 1980-ல் இதைப் பற்றித் தலையணை அளவில் புத்தகமே எழுதிவிட்டார். வீடியோக்காரர்கள் அந்தப் பக்கம் போவதில்லை.

*முதல் கட்டை நாமே வாங்கக்கூடாது, யாராவது பரிசாகத்தான் தர வேண்டும், பட்டுத்துணியில் சுற்றி பௌர்ணமி வெளிச்சத்தில் வைக்க வேண்டும் என்கிறார்களே?*
(வாசகி, கோவை)

தாராளமாக நீங்களே வாங்குங்கள். பட்டுத்துணி வேண்டாம், மழைக்காலத்தில் அட்டை உப்பி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் ஒரு டப்பாவில் போட்டு மூடி வையுங்கள். பௌர்ணமிக்கு மாடியில் வைத்தால் காக்காய் எச்சம் போடும்.

*கிளி ஜோசியம் பார்த்தால் பட்டிக்காடு, மூடநம்பிக்கை. அதையே டாரட் என்று சொல்லி ஏசி ரூமில் பார்த்தால் ஸ்டைல். உங்களுக்குக் கூச்சமாக இல்லையா?*
(வாசகர், கடலூர்)

நீங்கள் சொல்வதில் பெரும்பகுதி நியாயம். கூண்டுக் கதவைத் திறந்ததும் கிளி தத்தித் தத்தி வந்து ஒரு சீட்டை அலகால் உருவிப் போடும், கூலியாக ஒரு நெல், திரும்ப உள்ளே. சீட்டில் முருகனோ மாரியம்மனோ மாதாவோ வருவார்கள், ஜோசியர் அதற்கு ஒரு பாட்டைப் பாடி, உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே பலன் சொல்வார். படம், தற்செயல், எதிரே இருப்பவரின் முகம், இந்த மூன்றும்தான் இரண்டு இடத்திலும். இங்கிலீஷும் கட்டணமும்தான் வேறு. கிளி ஜோசியர் படிக்கிற அளவுக்கு முகம் படிக்க இந்த டாரட் ஆட்கள் பலருக்குத் தெரியாது என்பது என் அபிப்பிராயம்.

ஒரு வித்தியாசம் உண்டு, கிளி. பச்சைக்கிளியைப் பிடித்துச் சிறகை வெட்டிக் கூண்டில் வைப்பது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். உங்கள் கடலூர் பக்கத்திலேயே 2024 தேர்தல் சமயத்தில் ஒரு வேட்பாளருக்கு வெற்றி என்று சொன்ன ஜோசியரை வனத்துறை பிடித்துப் போனது பெரிய செய்தியானதே. அந்த வேட்பாளர் தோற்றுப்போனார் என்பது தனிக் கதை.

அப்புறம், கண்ணை மூடி எதையாவது எடுத்துப் பதில் தேடுவது நமக்கு ஒன்றும் புதிதில்லை. சாமி முன்னால் சிவப்புப் பூவும் வெள்ளைப் பூவும் பொட்டலம் கட்டிப் போட்டுக் குழந்தையை விட்டு எடுக்கச் சொல்கிறோம். திருமுறை ஏட்டில் கயிறு சாத்திப் பார்த்து, வந்த பாட்டையே உத்தரவாக எடுத்துக்கொண்ட சைவர்கள் உண்டு. ஆக இதில் எனக்குக் கூச்சம் இல்லை. பலிக்கும் என்று சொல்லிக் காசு வாங்கினால்தான் கூச்சப்பட வேண்டும்.

*டீச்சர், என் மகள் ஆன்லைனில் டாரட் பார்த்தாள். மரணச் சீட்டு வந்திருக்கிறது, வீட்டில் ஒரு உயிருக்கு ஆபத்து, பரிகாரம் செய்ய 11,000 ரூபாய் அனுப்பு என்கிறார்களாம். மூன்று நாளாகச் சரியாகத் தூங்கவில்லை, சாப்பிடவில்லை. என்ன செய்வது?*
(ஒரு அம்மா, சேலம்)

முதலில் அந்த எண்ணை பிளாக் செய்யச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் போடுங்கள், சைபர் குற்றப் புகாருக்கான எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்த வாய்ப்பு.

அடுத்து, மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்தச் சீட்டை இருவரும் சேர்ந்து பாருங்கள். பயம் போக அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. வெள்ளைக் குதிரை மேல் கறுப்புக் கவசம் போட்ட எலும்புக்கூடு, கையில் கறுப்புக் கொடி, கொடியில் வெள்ளை ரோஜா. கீழே ஒரு ராஜா கிரீடம் உருண்டு விழுந்து கிடக்கிறான். தங்க அங்கி போட்ட மதகுரு கைகூப்பி நிற்கிறார். ஒரு இளம்பெண் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். குழந்தை ஒன்று மட்டும் மண்டிபோட்டு நிமிர்ந்து பார்க்கிறது, அதற்குப் பயமே இல்லை. தூரத்தில் இரண்டு கோபுரத்துக்கு நடுவே சூரியன். ராஜாவானாலும் குருவானாலும் இதிலிருந்து தப்ப முடியாது என்பதுதான் படம், அது 15-ஆம் நூற்றாண்டுக் கட்டிலேயே உண்டு, கொள்ளைநோய் பார்த்த ஊர்க்காரர்கள் வரைந்த படம். டாரட் பார்க்கிறவர்கள் பொதுவாக இதற்குச் சொல்லும் பலன்கூட ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்பதுதான், வேலை, வீடு, உறவு எதுவாகவும் இருக்கலாம். உயிர் போகும் என்று சொன்னவர் டாரட்டையும் ஒழுங்காகப் படிக்கவில்லை.

படத்தில் எனக்குப் பரிகாரக் கட்டணம் எங்கேயும் தெரியவில்லை. பயமுறுத்திப் பணம் கேட்கிறவர் கையில் சீட்டு இருந்தாலும் சோழி இருந்தாலும் எழுந்து வந்துவிட வேண்டும். அதற்கப்புறமும் மகளுக்குத் தூக்கம் வராவிட்டால் டாக்டரிடம் கூட்டிப்போங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

*எனக்கு ஒருவர் டாரட் பார்த்துச் சொன்னது அப்படியே என்னைப் பற்றித்தான் இருந்தது. 'வெளியே தைரியமாக இருந்தாலும் உள்ளுக்குள் அஞ்சுகிறீர்கள்' என்றார். இது எப்படி?*
(வாசகர், ஆவடி)

அது என்னைப் பற்றியும்தான் இருக்கிறது. 1948-ல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியல் ஆசிரியர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு குணநலன் தேர்வு வைத்து, ஒரு வாரம் கழித்து ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து, 'இது உனக்கு எவ்வளவு பொருந்துகிறது, ஐந்துக்கு மார்க் போடு' என்றார். சராசரி நாலே காலுக்கு மேல் வந்தது. பார்த்தால் எல்லார் கையிலும் ஒரே தாள், பெரும்பகுதி கடையில் விற்கும் ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்த வரிகள். நீங்கள் எழுதிய அந்த 'வெளியே தைரியம் உள்ளே பயம்' மாதிரி வாக்கியமும் அதில் உண்டு. போதாததற்குப் பார்க்கிறவர் உங்கள் மோதிரம், பேச்சு, கண் கலங்குவது எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டே இருப்பார்.

ஆனால் பொருந்துகிறது என்று தோன்றியதும் நீங்கள் எதை நினைத்துக்கொண்டீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். எந்த பயம் ஞாபகம் வந்தது? அதைச் சீட்டு சொல்லவில்லை, நீங்கள்தான் சொன்னீர்கள். எனக்கு டாரட்டில் அந்த இடம் ஒன்றுதான் பிடிக்கும்.

*நான் கிறிஸ்தவள். படங்கள் ஆசையாக இருக்கின்றன, ஆனால் பாவமோ என்று உறுத்துகிறது.*
(வாசகி, நாகர்கோவில்)

உபாகமம் 18-ஆம் அதிகாரம் குறி கேட்பதைத் தெளிவாகத் தடுக்கிறது, அதை நான் வளைத்துச் சொல்லப்போவதில்லை. உறுத்தினால் விட்டுவிடுங்கள். குறி கேட்காமல் ஓவியமாக மட்டும் பார்ப்பது எதில் சேரும் என்பதை உங்கள் ஃபாதரிடமோ பாஸ்டரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு தகவல் மட்டும் சொல்கிறேன், பமேலா 1911-ல் கத்தோலிக்கராக மாறியவர்.

*கற்றுக்கொள்ள ஆசை. 78 அர்த்தத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?*
(வாசகி, திண்டுக்கல்)

வேண்டாம். தினம் காலையில் ஒரே ஒரு சீட்டு எடுங்கள். புத்தகத்தைப் புரட்டும் முன் படத்தில் இருப்பதை ஒரு நோட்டில் எழுதுங்கள். யார், எங்கே பார்க்கிறார், கையில் என்ன, பின்னால் என்ன. கோப்பை ஐந்தில் கறுப்புப் போர்வைக்காரன் கொட்டிப்போன மூன்று கோப்பையையே பார்த்துக்கொண்டு நிற்கிறான், முதுகுக்குப் பின்னால் இரண்டு நிமிர்ந்து நிற்கின்றன, தூரத்தில் ஒரு பாலமும் இருக்கிறது. வாள் எட்டில் கண்ணையும் கையையும் கட்டி ஒரு பெண், ஆனால் காலைக் கட்டவில்லை. இதை எல்லாம் கண்ணால் கண்டுபிடித்துவிட்டால் அர்த்தத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அடுத்தவருக்குப் பார்க்க ஆரம்பித்தால் நோய், கோர்ட் வழக்கு, காணாமல் போனவர், இந்த மூன்றுக்கும் சீட்டைத் தொடாதீர்கள். 'அவர் என்னை நினைக்கிறாரா' என்று கேட்பவரிடம், அவரையே கேட்கச் சொல்லுங்கள்.

கட்டு வாங்கக் காசு இல்லையென்றால் பரவாயில்லை, பமேலா இறந்து எழுபது வருஷம் தாண்டியதால் பல நாடுகளில் பதிப்புரிமை முடிந்தாயிற்று, 1909 படங்கள் இணையத்தில் பார்க்கக் கிடைக்கின்றன.

*பாரிஸ் லா சப்பல் பக்கம் இருக்கிறோம். என்ர மகன் லிசே பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு நேரத்தில் கூட்டாளிகளோட டாரட் விளையாடுறானாம். பேயோட விளையாடுறான் எண்டு மாமி ஒரே அழுகை. எனக்கும் பயமாக் கிடக்கு. மறிக்கவோ?*
(ஒரு தாய், பாரிஸ்)

மறிக்காதீர்கள் தங்கச்சி, மாமியையும் ஆறுதல்படுத்துங்கள். அங்கே டாரட் இன்னும் ஆட்டமாகவே இருக்கிறது, உங்கள் மகன் ஆடுவது இத்தாலியப் பிரபுக்கள் ஆடியதின் பேரப்பிள்ளை. அந்தக் கட்டில் எலும்புக்கூடும் பிசாசும் கிடையாது, துருப்புச் சீட்டில் ஆட்கள் சாப்பிடுவதும் நடனமாடுவதுமாக ஊர்க் காட்சிகள்தான் இருக்கும். 78 சீட்டு, பெரும்பாலும் நாலு பேர், ஏலம் கேட்டு ஒருவர் தனி, மற்ற மூவரும் அவருக்கு எதிரே. மொத்தம் 91 புள்ளி. துருப்பு 1, துருப்பு 21, முட்டாள் இந்த மூன்றும் கையில் சேர்ந்தால் 36 புள்ளி எடுத்தாலே ஜெயம், ஒன்றுமே சேராவிட்டால் 56 எடுக்க வேண்டும். மாமிக்கு 304 ஆடத் தெரியுமென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரனுக்கு எதிரே உட்காரவையுங்கள், துருப்பு வெட்டுவது அவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்காது.